புழுவிலிருந்து புரதம்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சியியல் படித்தவள் நான். அழுகும் கழிவைப் புழுவுக்குக் கொடுத்து, அந்தப் புழுவைக் கோழிக்கும் மீனுக்கும் புரதத் தீவனமாக மாற்றுவதுதான் என் ஆராய்ச்சி. சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் பயிற்சி வகுப்பு எடுக்கப் போனாலும் சரி, கல்லூரியில் பேசப் போனாலும் சரி, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே வருகின்றன. தொழில் தொடங்க நினைப்பவர்களும் இந்தத் துறையில் படிக்க நினைக்கும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் படித்துக்கொள்ளட்டும் என்று பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மேடம், நீங்கள் வளர்ப்பது சாதாரண ஈயா? நோய் பரப்பாதா?

ஈ இனம்தான், ஆனால் வீட்டு ஈ கிடையாது. கறுப்பு சிப்பாய் ஈ என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் பி.எஸ்.எஃப். என்பார்கள். ஹெர்மீஷியா இலூசென்ஸ் என்ற அறிவியல் பெயரை 1758லேயே லின்னேயஸ் வைத்துவிட்டார். பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். இப்போது வெயில் அடிக்கும் நாடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் ஊர் எருக்குழிகளிலும் கோழிக் கொட்டகைக்கு அடியிலும்கூடத் தானாக வந்து முட்டையிடும். பார்த்தால் மெலிந்த குளவி என்றுதான் நினைப்பீர்கள். கொட்டாது, கடிக்காது. கால் நுனி வெள்ளையாகவும், வயிற்றின் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் இரண்டு திட்டுகளும் இருந்தால் அதுதான்.

வீட்டு ஈ சாக்கடையில் உட்கார்ந்துவிட்டு நம் சோற்றில் வந்து உட்காரும். நோய் பரவுவது அப்படித்தான். சிப்பாய் ஈ வளர்ந்தபின் இரை தேடி அலைவதில்லை. புழுவாக இருக்கும்போது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு, தண்ணீர் கிடைத்தால் குடித்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். அதனால் சமையலறைப் பக்கம் வரவேண்டிய தேவையே அதற்கு இல்லை. இன்னொன்றும் உண்டு. இதன் புழு அடர்ந்திருக்கும் எருவில் வீட்டு ஈ பெருகுவது குறைகிறது என்று 1959லேயே அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள்.

எத்தனை நாளில் புழு கிடைக்கும்?

ஒரு பெண் ஈ ஒரே தடவையில் 500 முதல் 900 முட்டை வரை இடும். ஈரத்தில் இடாது. அழுகும் வாசனைக்குப் பக்கத்தில், காய்ந்த இடுக்கு பார்த்து இடும். அட்டைப்பெட்டியின் நெளிவுக்குள், இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில். முட்டை அவ்வளவு சிறியது: ஒரு கிராமில் 35,000 முதல் 40,000 வரை இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். 27 முதல் 30 டிகிரி வெப்பமும் நல்ல தீனியும் இருந்தால் இரண்டு இரண்டரை வாரத்தில் புழு விரல் கணு அளவுக்குப் பெருத்துவிடும். அதற்குப் பிறகு நிறம் கறுத்து, தின்பதை நிறுத்தி, உலர்ந்த இடம் தேடித் தானே ஊர்ந்து வெளியேறும். அறுவடையை நாங்கள் கறுப்பதற்கு முன்பே முடித்துவிடுவோம். கறுத்த புழுவில் கைட்டின் என்ற ஓட்டுப் பொருள் கூடிவிடும், கோழிக்கு எளிதில் செரிக்காது. அடுத்த தலைமுறைக்கு வேண்டிய பங்கை மட்டும் கூட்டுப்புழுவாக விட்டுவைப்போம்.

இந்த ஆராய்ச்சி எங்கே தொடங்கியது?

முட்டைக்கோழிக் கொட்டகையின் அடியில். நாமக்கல்காரர்களிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஷெப்பர்ட் என்ற பூச்சியியலாளர், கூண்டுக் கோழிகளின் எச்சம் விழும் குழியில் இந்தப் புழு தானாக வந்து எருவைக் குறைப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எருவும் குறையும், வீட்டு ஈயும் குறையும், புழுவும் தீவனமாகும் என்று 1994ல் அவர் குழு எழுதியது. ஆனால் காட்டு ஈ எப்போது வரும் என்று காத்திருந்து தொழில் நடத்த முடியாது. ஆண்டு முழுக்கக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் முறையை 2002ல் அவரும் ஜெஃப்ரி டாம்பர்லினும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்டார்கள். இன்று உலகில் எந்த பி.எஸ்.எஃப். பண்ணையைப் பார்த்தாலும் அந்த முறையின் சாயல் இருக்கும். டாம்பர்லின் பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போய், இதே பூச்சியைச் சுற்றித் தன் ஆய்வு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். ஆப்பிரிக்காவில் நைரோபியின் இசிபே என்ற பூச்சி ஆய்வு நிறுவனம் சிறு விவசாயிகளுக்கு ஏற்றபடி இதைக் கொண்டுபோயிருக்கிறது. வழிகாட்டி வேண்டும் என்று கேட்கும் மாணவர்களை முதலில் இசிபே ஆய்வுகளைப் படிக்கச் சொல்வேன். அவர்களுடைய வெயில், வறுமை, சந்தை எல்லாம் நம்முடையதற்குப் பக்கத்தில் இருக்கின்றன.

எங்கள் சேகோ ஆலையில் திப்பி மலைபோல் கிடக்கிறது. அதைப் புழுவுக்குப் போடலாமா?

சேலத்தில் எங்கே பேசினாலும் முதல் வரிசையிலிருந்து வரும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் சாரமே இதில் இருக்கிறது.

சேகோ என்னும் ஜவ்வரிசிக்காகக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, மாவுப்பாலை வடித்தபின் மிஞ்சும் நார்ச் சக்கைதான் திப்பி. அதில் வடியாத மாவுச்சத்து நிறைய இருக்கும், புரதம் மிகக் குறைவு. மாவுச்சத்தை மட்டும் தின்னும் புழு அதைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு லாரிக் அமிலம், தேங்காயெண்ணெயில் இருப்பதும் அதுதான். வளர்ச்சியும் மந்தமாகிவிடும். புரதத்துக்காக வளர்க்கப்போய்க் கொழுப்பை அறுவடை செய்வதில் யாருக்கு என்ன பயன்? மீன் மார்க்கெட் கழிவு போல நைட்ரஜன் உள்ள ஒன்றைக் கலந்தால்தான் திப்பி சரியான தீனியாகும். கிழங்குத் தோலில் இன்னொரு சிக்கல்: சயனைடை வெளிவிடும் லினமரின் என்ற பொருள் சதையைவிடத் தோலில் அதிகம். அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்தால் அது குறையும். பச்சைத் தோலை அப்படியே கொட்டக் கூடாது.

சரி, இதெல்லாம் தொழில்நுட்பம், சரிசெய்துகொள்ளலாம். நான் அதற்கு முன்பே ஒன்று கேட்பேன்: உங்கள் திப்பி இப்போது எங்கே போகிறது? பெரும்பாலும் களத்தில் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். அப்படியென்றால் அது கழிவே இல்லை. மாடு நேராகத் தின்று பாலாக்கும் ஒன்றை எடுத்துப் புழுவுக்குப் போட்டால், உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு புழுவாக மாறினாலே அது நல்ல கணக்கு. மீதி புழுவின் மூச்சிலும் எருவிலும் போய்விடும். நடுவில் ஒரு உயிரைப் புகுத்தும்போதெல்லாம் இந்த இழப்பு உண்டு. அதனால் மாடு தின்பதை மாட்டுக்கே விடுங்கள். மழைக்காலத்தில் காயவைக்க முடியாமல் புளித்து, பூசணம் பிடித்து, வாங்க ஆளில்லாமல் கிடக்கிறதே, அந்தத் திப்பியைப் பற்றிப் பேசலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்தச் சிக்கல் வரும்.

இந்த ஒரு கேள்வியை, அதாவது ‘இதை ஏற்கெனவே யாராவது தின்கிறார்களா’ என்பதை, ஒவ்வொரு கழிவிடமும் கேட்டுப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. தலைவாசல் காய்கறி மார்க்கெட்டில் ஒதுக்கும் முட்டைக்கோஸ் இலையை மாட்டுக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போகிறார். ஓட்டல் மிச்சத்தில் ஒரு பகுதியைப் பன்றி வளர்ப்பவர் எடுத்துப் போகிறார். அவர்களிடமிருந்து பிடுங்கி ‘கழிவு மேலாண்மை’ என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யாரும் கேட்காமல் கிடப்பது எது என்று பார்த்தால், மண்டபங்களில் முகூர்த்த நாளில் இலையோடு கலந்து வரும் சோறு, விடுதி மெஸ் மிச்சம், மாம்பழ சீசனில் மண்டிக்குப் பின்னால் அழுகி ஒழுகும் பழம், மீன் குடல். இவற்றைத்தான் குப்பைமேட்டில் கொட்டுகிறோம். மீத்தேனும் நாற்றமும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. புழுவுக்கு உரிய பங்கு அது.

ஏற்காட்டில் காபித் தோல் நிறைய வருகிறதே, அதற்கு ஆகுமா?

தனியாகப் போட்டால் ஆகாது. பழத்தை உரித்ததும் வரும் தோலிலும் சதையிலும் காஃபீனும் டானின் வகைப் பொருள்களும் இருக்கின்றன. நாரும் கூடுதல். இவை புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும். தவிர, எஸ்டேட்காரர்கள் அதை மட்கவைத்துச் செடிக்கே போடுகிறார்கள். நல்ல வழக்கம், அது தொடரட்டும்.

சேர்வராயன் மலையில் தட்பவெப்பமும் நமக்குச் சாதகமாக இல்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காபி அறுவடை நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கழிவு குவியும் அந்த மாதங்களில்தான் இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும், பகலில் பனிமூட்டம். இந்த ஈ இணை சேர வேண்டுமானால் நல்ல சூரிய ஒளி வேண்டும். மேகம் மூடிய நாளில் கூண்டில் முட்டை விழுவது சட்டென்று குறைந்துவிடும். கீழே சேலத்திலேயே ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குறைவு தெரியும். மலையில் கேட்கவே வேண்டாம். அதற்கென்று தனி விளக்குகள் உண்டு, ஆனால் மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்காட்டில் என் கண்ணில் படுவது வேறொரு கழிவு. கோடை விழாவை ஒட்டி மே மாதத்தில் மலை நிறைய ஆட்கள். ஓட்டல், ரிசார்ட் மிச்சம் தொட்டி நிரம்பி வழியும். குரங்குக் கூட்டம் அதைக் கிளறும், காட்டெருமைகூட ஊர்ப்பக்கம் வருகிற மலை அது. அந்த மாதங்களில் வெப்பமும் புழுவுக்குப் போதுமானதாக இருக்கும். முட்டை எடுக்கும் கூண்டைச் சேலத்தில் வைத்துக்கொண்டு, பொரிந்து ஐந்து நாளான குஞ்சுப் புழுவை மட்டும் மேலே கொண்டுபோய், மூடிய கொட்டகைக்குள் தீனி போடலாம். 20 கொண்டை ஊசி வளைவு வழியாக அழுகிய சோற்றைக் கீழே இறக்குவதைவிட, குஞ்சுப் புழு ஒரு டப்பாவை மேலே ஏற்றுவது எவ்வளவோ சுலபம்.

புழுவில் புரதம் எவ்வளவு? 40 சதவீதம் என்று வீடியோவில் சொல்கிறார்களே.

உலர் எடையில் 40 சதவீதம் என்பது ஆய்வகச் சீட்டில் வரும் எண்தான், பொய் இல்லை. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி ‘புரதம்’ என்று எழுதுகிறார்கள். எல்லாத் தீவனத்துக்கும் அதே பழக்கம். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அது புரதம் இல்லை. இதைக் கழித்து, பூச்சிகளுக்கு 4.76 என்ற எண்ணால் பெருக்குவதே சரி என்று 2017ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிப் போட்டால் அதே 40 ஏறத்தாழ 30 ஆகிறது. புழு வாங்க வருபவரிடம் இரண்டு எண்ணையும் சொல்லிவிடுங்கள். கோழி முட்டை குறைந்த பிறகு அவரே கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

30 என்றாலும் அது நல்ல புரதம். கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம். அதைப் பிழிந்து எடுத்துவிட்டால் மிஞ்சும் தூளில் புரத அளவு ஏறும். கால்சியமும் இருக்கிறது, முட்டை ஓட்டுக்கு உதவும்.

நாமக்கல் பண்ணைகளுக்கு விற்கலாமா?

இப்போதைக்குப் பெரிய பண்ணைகளைக் குறிவைக்காதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அதைக் கொடுக்கின்றன. தீவன ஆலைக்கு ஒரே தரத்தில், நாள் தவறாமல், டன் கணக்கில் வரவேண்டும். இன்றைக்குச் சோறு தின்ற புழுவும் நாளைக்கு மாம்பழம் தின்ற புழுவும் ஒரே தரத்தில் இருக்காது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் விரால் மீன் வளர்ப்பவர்களும்தான் முதல் வாடிக்கையாளர்கள். அவர்கள் ஈரப் புழுவாகவே வாங்குவார்கள். உலர்த்தும் செலவு மிச்சம்.

லாபம் வருமா?

ஒரு டன் கழிவில் 200 கிலோ புழு என்று கேட்டிருப்பீர்கள். என்ன கழிவு என்று யாரும் சொல்வதில்லை. நாமே கணக்குப் போடுவோம். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். ஒரு டன் அழுகிய தக்காளியில் உலர் பொருள் 60 கிலோதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு புழுவானால் 12 கிலோ உலர் புழு. மெஸ் சோறும் குழம்பும் கலந்த மிச்சத்தில் உலர் பொருள் 250 கிலோ இருக்கலாம். அதில் 50 கிலோ உலர் புழு, ஈரப் புழுவாகச் சொன்னால் 150 கிலோ. இரண்டுக்கும் வண்டி வாடகை ஒன்றுதான், தூக்கிப்போடும் கூலியும் ஒன்றுதான். லாபம் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது அல்லவா?

அதனால்தான் புழுவை மட்டும் நம்பி முதல் போட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மண்டபமோ கல்லூரியோ கழிவை எடுத்துப்போகக் கட்டணம் தர வேண்டும், புழுவுக்கு விலை கிடைக்க வேண்டும், மிஞ்சும் எருவும் விற்க வேண்டும். மூன்றில் குறைந்தது இரண்டு உறுதியாக இருந்தால் இறங்கலாம். ‘வித்துப் புழு வாங்குங்கள், வளர்ந்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஈமு கோழிப் பண்ணை மோசடிக் காலத்தில் கொங்கு மண்டலம் பட்டது போதும்.

கோழி எரு, மாட்டுச் சாணம், இறைச்சிக் கழிவு போடலாமா?

புழு தின்னும். தின்பதோடு ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாவையும் நன்றாகக் குறைக்கும், அது ஆய்வில் நிரூபிக்கப்பட்டதுதான். ஆனால் குடற்புழு முட்டைகள் அழிவதில்லை. காட்மியம் போன்ற கன உலோகம் தீனியில் இருந்தால் புழுவின் உடம்பில் சேரும். பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின் அப்படிச் சேர்வதில்லை என்பது ஒரு ஆறுதல்.

ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017ல் மீன் தீவனத்துக்கும் 2021ல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் அனுமதித்தது. ஆனால் எருவையும் ஓட்டல் மிச்சத்தையும் அந்தப் பூச்சிக்குத் தீனியாகப் போடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 1980களில் பிரிட்டனில் மாட்டின் எலும்புத் தூளை மாட்டுக்கே கொடுத்து, பைத்தியப் பசு நோய் பரவியது. அந்தச் சூடு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஓட்டல் மிச்சத்தை முழுக்கத் தடுப்பது நம் நாட்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. எரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். எருவில் வளர்ந்த புழுவைத் தீவனத்தில் சேர்க்காதீர்கள், அதை உரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதில் வளர்ந்த புழுவானாலும் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகே உலர்த்த வேண்டும். புழுவுக்கும் அது நொடியில் முடியும் சாவு, வெயிலில் பரப்பிக் கொல்வதைப் போல நீண்ட வதை இல்லை.

மண்புழு உரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மண்புழு மெதுவாகத் தின்று நல்ல உரம் தரும். எண்ணெய், உப்பு, புளிப்பு அதற்கு ஆகாது, குழம்பு ஊற்றினால் செத்துப்போகும். சிப்பாய்ப் புழு வேகமாகத் தின்னும், அதன் நோக்கம் புரதம். அது விட்டுவைக்கும் எச்சம் முழு உரம் ஆகியிருக்காது, இன்னும் சில வாரம் மட்கவிட்ட பிறகுதான் செடிக்குப் போட வேண்டும். அந்த வேலையை மண்புழுவிடமே கொடுத்துவிடலாம்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

நேரான வழி, இளநிலை வேளாண்மை முடித்து, முதுநிலையில் வேளாண் பூச்சியியல், அப்புறம் முனைவர் பட்டம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் பூச்சியியலாளர் மட்டும் போதாது. தீவனத்தை மதிப்பிடக் கால்நடை ஊட்டச்சத்து படித்தவர் வேண்டும். தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நுண்ணுயிரியல் வேண்டும், ஏனென்றால் புழு தின்பதற்கு முன் பாதி வேலையைப் பாக்டீரியா செய்துவிடுகிறது. காற்றோட்டம், வெப்பம், சலிப்பான், உலர்த்தி இதெல்லாம் இயந்திரவியல் பிள்ளைகளின் இடம். கலைக் கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்களும் தயங்க வேண்டாம். நான் பார்த்த நல்ல ஆய்வு உதவியாளர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். பொறுமையாகத் தராசு முன் உட்கார்ந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை குறித்துவைக்கத் தெரிந்தால் மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்கிறேன். பூச்சித் தூசி சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுக்கும். உலர் புழுவை அரைக்கும் இடத்திலும் எச்சத்தைச் சலிக்கும் இடத்திலும் நல்ல முகக்கவசம் கட்டாயம். ஆஸ்துமா இருப்பவர்கள் ஆய்வகப் பக்கமாக வேலையை அமைத்துக்கொள்வது நல்லது.

ஆராய்ச்சியாளர் என்றால் ஒரு நாள் எப்படிப் போகும்?

நுண்ணோக்கி முன் உட்காரும் நேரம் குறைவு. விடியற்காலையில் கழிவு வண்டி வந்துவிடும். அதைப் பிரித்து, தண்ணீர்க் கப், பிளாஸ்டிக் இலை, சாஷே உறை எல்லாம் எடுத்து, அரைத்து, ஈரம் பார்க்க வேண்டும். கையில் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. ஈரம் மிஞ்சினால் புழு தொட்டியை விட்டுக் கூட்டமாக ஏறி வெளியே வந்துவிடும். பிறகு தொட்டி தொட்டியாக வெப்பம் குறிப்போம். வெளியே சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரி. புழுக் கூட்டம் தின்னும்போது தானே வெப்பம் வெளியிடும் என்பதால் தொட்டிக்குள் அதற்கும் மேலே ஏறப் பார்க்கும். அப்போது தீனியின் கனத்தைக் குறைத்து மெல்லப் பரப்பி, கொட்டகையைச் சுற்றி நனைத்த சாக்குத் தொங்கவிடுவோம். மதியத்துக்கு மேல் ஈக் கூண்டில் முட்டை எடுப்பது, எடை போடுவது, எழுதுவது. மண்டப மேலாளரிடம் ‘இலையையும் சோற்றையும் தனித்தனித் தொட்டியில் போடச் சொல்லுங்கள்’ என்று பேசிப் புரியவைப்பதும் ஆராய்ச்சிதான். பிரிக்காத கழிவை வைத்து எந்தப் பூச்சியாலும் புரதம் செய்ய முடியாது. பிரித்துக் கொடுக்கும் தூய்மைப் பணியாளரின் கூலியைத் திட்டச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

பெண் பிள்ளையைப் புழு வளர்க்க அனுப்புவதா என்று வீட்டில் கேட்கிறார்கள், அக்கா.

பட்டுப்புழு வளர்ப்பில் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ காலமாக இருக்கிறார்கள். தட்டில் புழுவைப் பரப்பி, இலை போட்டு, எச்சம் மாற்றி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். அதைச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அம்மாவை ஒருநாள் பண்ணைக்கு அழைத்து வாருங்கள். சரியாக நடக்கும் கொட்டகையில் நாற்றம் இருக்காது, புளித்த மாவு வாசம்தான் இருக்கும். குமட்டும் நாற்றம் அடித்தால் தீனி அதிகமாகிவிட்டது, அல்லது காற்று போதவில்லை என்று பொருள்.

மனிதர்கள் சாப்பிடலாமா?

என் ஆராய்ச்சி கோழியோடும் மீனோடும் நிற்கிறது.

வீட்டிலேயே முயன்று பார்க்க முட்டை எங்கே வாங்குவது?

வாங்கவே வேண்டாம். மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி ஒன்றில் காய்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் பாதி அளவு போடுங்கள். பக்கவாட்டில் மேல்பகுதியில் விரல் நுழையும் அளவு நான்கைந்து துளை, அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை. தீனிக்கு மேலே, அதைத் தொடாமல், நெளிவு தெரியும்படி வெட்டிய அட்டைத் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மரநிழலில், எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவில் கல் போட்டு அதன்மேல் வையுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சேலத்தில் நல்ல காலம். முதலில் பழ ஈயும் வீட்டு ஈயும் வரும், பயந்து கொட்டிவிடாதீர்கள். தீனி புளித்து வாசம் மாறியபின் சிப்பாய் ஈ தேடி வரும். அட்டை நெளிவில் வெளிர் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் அதுதான் முட்டை. தண்ணீர் தெளிக்காமல் அட்டையோடு அப்படியே விடுங்கள். பொரிந்த குஞ்சு தானே கீழே விழும். புழு சுறுசுறுப்பாகத் தின்னத் தொடங்கியபின் தினமும் கொஞ்சமாகப் போட்டு, முதல் நாள் போட்டது தீர்ந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பெருத்ததும் சல்லடையில் சலித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் கோழிக்கு வைக்கலாம்.